பட்டியலில் பதினோராவது ஆள்

நான் ஒரு தோட்டத்தின் செயலாளர். சம்பளம் இல்லாத வேலை, நன்றியும் இல்லாத வேலை. பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரில், சென்ட் லோரன்ட் பகுதியில் பண்டகசாலைகளுக்குப் பின்னால், சரக்கு ரயில் போகிற பாதையை ஒட்டி நகரசபையின் நிலம் ஒன்று கிடக்கிறது. அதை அறுபது துண்டுகளாகப் பிரித்து ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு துண்டு மூன்று மீற்றர் அகலம், ஆறு மீற்றர் நீளம். ஒரு வான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் முடிந்தது. அந்த இடத்துக்கு ஆட்கள் ஐந்து வருடம், ஆறு வருடம், ஏழு வருடம் என்று காத்துக் கிடக்கிறார்கள். காத்துக் கிடக்கிறவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது.

அதனால் எனக்கு நிம்மதி இல்லை. தமிழ்க்கடையில் மிளகாய்த்தூள் எடுக்கக் குனிந்தால் பின்னால் ஒரு குரல் கேட்கும்: "எங்கடை நம்பர் இப்ப எத்தினை?" கோயிலில் கண்ணை மூடினாலும் அதே கேள்விதான். ஒருவர் செத்தவீட்டில் வைத்தே என்னைப் பிடித்தார்.

"தங்கச்சி, எனக்கு முன்னால ஆர் ஆர் நிக்கினம்? வயசு போன ஆக்களோ?"

"ஏன் அண்ணை?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

சும்மா இல்லை. எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் பார்க்கிறார். அவரைக் குறைசொல்ல முடியாது. ஒரு துண்டு காலியாக வேண்டுமென்றால் யாராவது சாக வேண்டும், அல்லது வீடு வாங்கி அடுத்த நகரமான லவாலுக்குப் போக வேண்டும், அல்லது முழங்கால் தேய்ந்து குனிய முடியாமல் போக வேண்டும். வேறு வழியில் பட்டியல் நகராது.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வரவில்லை. மருந்து பொதி செய்கிற தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஹெயிட்டிப் பெண்களிடம் பிரெஞ்சு பழகினேன். தோட்டத்தின் வருடக் கூட்டத்தில், தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லக் கையை உயர்த்தினேன். அந்த நேரம் பார்த்துத் தலைவர், "செயலாளராக யார் வருகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் கை தட்டினார்கள். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

என்னுடைய துண்டு முப்பத்தொன்பது. பக்கத்தில் முப்பத்தெட்டு. அது ஒரு அண்ணையுடையது. முப்பது வருடம் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவிவிட்டு ஓய்வெடுத்த மனுசன். பேருக்குத்தான் அவருடைய துண்டு. வேலை செய்தது பெரும்பாலும் அவருடைய மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அண்ணை ஒரு கன்றை நட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் அக்கா அதைக் கிண்டி வேறு இடத்தில் வைத்துவிடுவா.

"மிளகாயைக் கொண்டுபோய் நிழலுக்குள்ள வைச்சிருக்குது பார் பிள்ளை. என்னைக் கட்டின மாதிரித்தான். யோசிக்கிறேல்லை."

"யோசிச்சிருந்தா உன்னைக் கட்டியிருப்பனோ?" என்பார் அவர், வாளியைக் கீழே வைக்காமலே.

இரண்டு பேரும் சிரிக்க மாட்டார்கள். நான்தான் சிரிப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்களுக்கு இரண்டாவது துண்டு ஒன்று வேண்டும் என்று வந்துவிட்டது. மிளகாய்க்கு ஒன்று, பாகலுக்கும் பயற்றைக்கும் ஒன்று. விதிப்படி ஒரு விலாசத்துக்கு ஒரு துண்டுதான். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு தடையே இல்லை. அக்காவின் தங்கச்சி இரண்டு தெரு தள்ளி இருந்தா. அந்த விலாசத்தைப் போட்டு அக்காவைப் பட்டியலில் சேர்த்துவிடச் சொன்னார்கள். இதைப் பலர் செய்திருக்கிறார்கள். மைத்துனரின் விலாசம், மச்சாளின் விலாசம், ஒருவர் தன் பல் வைத்தியரின் விலாசத்தைக்கூடப் போட்டிருந்தார். நானே அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் இருந்து படிவத்தை நிரப்பினேன். இடியப்பமும் சொதியும் தந்தார்கள், சாப்பிட்டேன்.

ஒரு சின்ன வேலை மிச்சம் இருந்தது. அண்ணையின் படிவத்தில் இரண்டாவது வரி ஒன்று உண்டு. சேர்ந்து வாழ்கிற கணவன் அல்லது மனைவியின் பெயரை அதில் எழுதலாம். அங்கே அக்காவின் பெயர் இருந்தது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அதனால் அந்தப் பெயரை வெட்டினேன். ஒரு கோடு. அண்ணை பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அக்காவுக்கு இருபதாவது இடம் கிடைத்தது. எல்லோருக்கும் சந்தோசம்.

அந்த இரண்டாவது வரி எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் மூன்று பேரும் யோசிக்கவில்லை. முதல் ஆள் செத்தால் இரண்டாவது ஆள் தோட்டத்தை வைத்துக்கொள்ளத்தான்.

போன வருடம் மே மாதம், மிளகாய்க் கன்று நட்டு நாலாம் நாள், அண்ணை செத்துப்போனார். குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை.

எட்டாம் நாள் சடங்குக்கு, எட்டுச் செலவுக்குப் போனேன். அக்கா சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தா. ஆட்கள் வந்து வந்து கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். எல்லோரும் போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டா.

"கண்டுகளுக்குத் தண்ணி விடுறியோ?"

"ஓம் அக்கா. ஒவ்வொரு நாளும் விடுறன்."

"முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடியட்டும். செத்தவீட்டுத் துடக்கோட வந்து தொட்டனெண்டால் கருகிப்போம்."

எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் செத்தவீட்டில் போய் வாதாடுகிற ஆளும் இல்லை.

"துண்டு இருக்கும்தானே பிள்ளை?"

"இருக்கும் அக்கா."

"மகன் அந்தாளின்ரை உடுப்பெல்லாத்தையும் மூட்டை கட்டிக் குடுத்திட்டான். எங்கை போனாலும் சனம் என்னைப் பாவம் எண்டு பாக்குது. கடைக்குப் போனாலும் பாக்குது. அங்கை வந்து நிண்டால் மண்ணைப் பாத்துக்கொண்டு நிக்கலாம்."

"இருக்கும் அக்கா, யோசிக்காதேங்கோ" என்று திரும்பவும் சொன்னேன். அப்போதே படிவத்தை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. துக்கம் காக்கிற வீட்டில் துண்டைப் பற்றிக் கதைப்பது கேவலம் என்று நினைத்தேன். முப்பத்தொரு நாள் முடியட்டும், பேந்து பார்ப்போம் என்று விட்டேன். நல்ல பழக்கம்தான். நகரசபைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஜூன் நடுவில் ஒரு சனிக்கிழமை, சாமான்கள் வைக்கிற கொட்டிலில் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், இந்த ஊர் மனுசன். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், திட்டிவிட்டுப் போயிருப்பேன். கவிழ்த்த வாளியின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கேட்டார்.

"மதாம், முப்பத்தெட்டை யார் பார்க்கிறார்கள்?"

"நான் தண்ணீர் விடுகிறேன். அவருடைய மனைவி இருக்கிறார். இந்தக் கிழமை கழிய வருவார்."

"மனைவியா? படிவத்தில் மனைவி இல்லையே. வெட்டியிருக்கிறது."

அவர் குடும்பப் பெயரைத் தட்டித் தேடினார். பட்டியல் திறந்தது. அக்காவின் பெயருக்குப் பின்னால் புருசனின் பெயர், எங்கள் ஆட்கள் எழுதுகிற மாதிரி.

"இதோ. அதே பெயர். பதினோராவது இடம். ஆனால் விலாசம் வேறு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இவர்கள் சேர்ந்து வாழவில்லையா?"

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் விலாசம் பொய் என்று ஆகும். பொய் விலாசம் கொடுத்தவரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும், அவர் திரும்பப் பதியவும் முடியாது. விதிகளின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, நான்தான் அதைத் தமிழில் எழுதி வாயிலில் ஒட்டினேன். துண்டும் போகும், பட்டியலில் இருக்கிற இடமும் போகும். படிவத்தை நிரப்பிய எழுத்து என்னுடையது. அடுத்ததாக முப்பத்தொன்பதாம் இலக்கத்தைப் பற்றிக் கேள்வி வரும். இதையும் மறைக்கக்கூடாது. என்னுடைய துண்டையும் நான் நினைத்தேன்.

"இல்லை," என்றேன். "பிரிந்துதான் இருந்தார்கள்."

"ஓ. பாவம்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். "அப்படியென்றால் பட்டியலில் அவருடைய முறை வரும்வரை இருக்கட்டும். நீங்கள் முதல் ஆளுக்குப் போன் பண்ணுங்கள், மதாம். நடுகிற காலம் போகிறது."

நாற்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களை ஒரு சொல்லில் பிரித்துவிட்டு வெளியே வந்தேன். முப்பத்தெட்டுக்குத் தண்ணீர் விட்டேன். மிளகாய் பூக்கத் தொடங்கியிருந்தது.

அந்தியேட்டிக்கு அடுத்த நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அவ வெளிக்கிட்டு நின்றா. பிளாஸ்ரிக் பைக்குள் கையுறை, சின்ன மண்வெட்டி, பாகலுக்குக் கட்ட ஒரு கட்டு நூல்.

"நீயும் வந்திட்டாய், நல்லதாப் போச்சு. நடந்து போவம். பஸ் இண்டைக்குப் பிந்தும்."

"அக்கா, துண்டு கிடைக்காது."

"ஏன்? ஆர் சொன்னது?"

"ரூல்ஸ். உங்கடை பேர் அதில இல்லை. வெட்டினாங்கள்தானே. இப்ப லிஸ்ற்றிலதான் இருக்கு, தங்கச்சியின்ரை விலாசத்தில."

"அது பொய் எண்டு உனக்குத் தெரியும்தானே."

"எனக்குத் தெரியும். அவைக்குத் தெரியாது."

"அப்ப போய்ச் சொல்லன். என்ன, உனக்குப் பிரெஞ்சு மறந்து போச்சோ?"

"சொன்னால் லிஸ்ற்றிலயும் வெட்டுவினம் அக்கா. பேந்து ஒருநாளும் கிடையாது."

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா. பாத்திரம் கழுவுகிற சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்த மனுசி. என்னைப் போன்ற ஒருத்தியின் முகத்தை வாசிக்க அவவுக்கு நேரம் எடுக்காது.

"அவன் என்ன கேட்டவன்? நீ என்ன சொன்னனி?"

"சேர்ந்து இருக்கேல்லையோ எண்டு கேட்டவர்."

"நீ?"

"பிரிஞ்சு இருந்தவை எண்டு சொன்னனான்."

பையை மெதுவாக நிலத்தில் வைத்தா. மண்வெட்டி தட்டுப்பட்டுச் சத்தம் கேட்டது.

"புருசனை விட்டவள் எண்டு எழுதி வைச்சிருக்கினமோ?"

"எழுதேல்லை அக்கா. வாயாலதான் சொன்னனான். உங்கடை இடம் போகக்கூடாது எண்டுதான்."

"அந்தாள் செத்து நான் இன்னும் ஒரு நல்ல சீலை உடுக்கேல்லை. அதுக்கிடையில என்னை அந்தாளிட்டை இருந்து பிரிச்சுப்போட்டாய். ஒரு மிளகாய்க் கண்டுக்கு."

எனக்குக் கோபம் வந்தது. வெட்கப்பட வேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். "பொய் விலாசம் போடச் சொல்லி நானோ கேட்டனான்?" என்று கத்தினேன். "இரண்டு துண்டு வேணும் எண்டு நிண்டது ஆர்? ஒண்டு காணாதோ?"

"நீதானே எழுதினனி. எழுதாதேங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொன்னியோ?"

சொல்லவில்லை. இடியப்பம் சாப்பிட்டேன் என்பதை முன்னமே எழுதிவிட்டேன்.

கடைசியில் அவ கேட்டது: "இப்ப எத்தினையாவது?"

"பதினொண்டு."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"மூண்டு வருசம். நாலும் எடுக்கலாம்."

"எனக்கு அறுபத்தாறு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினா.

பட்டியலின் முதல் ஆளுக்குப் போன் பண்ணினேன். ஒரு இளம் பெண், இந்த ஊர்ப் பிள்ளை. ஆறு வருடம் காத்திருந்தவள். "மதாம், உண்மையாகவா? உண்மையாகவா?" என்று கேட்டுவிட்டுப் போனிலேயே அழுதாள். அவள் பதிந்தபோது அவளுக்குப் பிள்ளை இல்லை. இப்போது இரண்டு. அவள் மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றும் இல்லை. அவள் ஒழுங்காகக் காத்திருந்தாள், உண்மையான விலாசம் கொடுத்தாள். இந்தக் கதையில் ஒரு பிழையும் செய்யாதவள் அவள் ஒருத்திதான், அதனாலேயே அவளைக் கண்டாலே எனக்கு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை புருசனோடு வந்தாள். அக்கா அதற்கு முந்தின வருடம் விதைக்கு விட்ட கீரை துண்டின் பாதிக்குச் செழித்து நின்றது. எங்கள் ஆட்கள் கீரையை வரிசையாக நட மாட்டார்கள், கையால் வீசிவிடுவார்கள். அவளுக்கு அது களை. அவளைப் பிழை சொல்ல முடியாது, இந்த ஊரில் அது வேலியோரம் தானாக முளைக்கிற சாமான். பிடுங்கிப் பிடுங்கி ஒரு குவியல் போட்டாள். "இது சாப்பிடுகிற கீரை" என்று சொன்னேன். மரியாதைக்கு ஒரு மூலையில் கொஞ்சம் விட்டுவைத்தாள். அடுத்த கிழமை அதுவும் இல்லை.

மிளகாயை மட்டும் வைத்திருந்தாள். ஓகஸ்ட்டில் ஒரு பை நிறையப் பிடுங்கிக்கொண்டு வந்து, "முன்பு இருந்தவருடைய மனைவிக்குக் கொடுங்கள்" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாங்கி மேசையில் வைத்தா. தேத்தண்ணிகூடத் தரவில்லை. அடுத்த முறை ஏதோ கடிதம் மொழிபெயர்க்கப் போனபோது பை அதே இடத்தில் இருந்தது. மிளகாய் சுருங்கிச் சிவந்து காய்ந்து போயிருந்தது.

அந்தக் கோடை முழுக்க அவ தோட்டத்துக்கு எதிரே இருக்கிற பஸ் தரிப்பிடத்தில் வந்து இருப்பா. பஸ் வரும், போகும், அவ ஏற மாட்டா. தோட்டத்தின் வாயில் உறுப்பினருக்கு மட்டும்தான், பூட்டின் இலக்கம் ஒரு துண்டு கைமாறினாலே மாறும். நான் வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது அவவின் கண் என் முதுகில் இருப்பது தெரியும். ஒருநாள் கை காட்டினேன். அவ காட்டவில்லை. உள்ளே வந்து பாருங்கோ என்று கூப்பிட்டிருக்கலாம், விருந்தாளியைக் கூட்டிவர விதி இடம் கொடுக்கிறது. முப்பத்தெட்டில் வேறு ஆள் குனிந்து நிற்பதைக் காட்டத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லை.

இலையுதிர் காலத்தில் இரண்டு பேர் துண்டை விட்டார்கள். ஒருவருக்கு முழங்கால், ஒருவர் லவாலில் வீடு வாங்கினார். அக்கா எட்டாவது இடத்துக்கு வந்தா. அதைச் சொல்லப் போன் எடுத்தேன். "ஓ" என்றா. அவ்வளவுதான்.

இந்த வருடம் மார்ச்சில், பனி இன்னும் கிடக்கும்போது, அவவே போன் எடுத்தா.

"மகன் புரோசார்ட்டுக்கு வரச் சொல்லுறான். இந்த வீட்டைத் தனிய வைச்சிருக்கேலாது எண்டு நிக்கிறான்."

"போகப் போறியளோ?"

"போகாமல்? அவன் லொறிக்குச் சொல்லிட்டான். லிஸ்ற் என்ன மாதிரி?"

புரோசார்ட் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேறு நகரம். அங்கே போனால் பெயரை எடுக்க வேண்டும். அவவுக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்டா.

"தங்கச்சியின்ரை விலாசம் இருக்குத்தானே அக்கா, அதிலேயே விடுவம்" என்று சொன்னேன். பாருங்கள், இவ்வளவுக்குப் பிறகும் என் புத்தி முதலில் அங்கேதான் போனது.

"அவள் மாசியில லவாலுக்குப் போட்டாள். இப்ப அந்த வீட்டில ஆரோ அராபிச் சனம். உன்ரை விலாசத்தைப் போடன்."

"என்ரை விலாசத்தில துண்டு இருக்கக்கா. ஒரு விலாசத்துக்கு ஒண்டுதான்."

"தெரியும்" என்றா.

அவ கேட்டது எனக்கு விளங்கியது. நான் என்னுடைய துண்டை விட்டால் என் விலாசத்தில் அவ நிற்கலாம். நான் உடனே விளங்கப்படுத்தத் தொடங்கினேன். நான் விட்டாலும் முப்பத்தொன்பது அவவுக்குப் போகாது, பட்டியலில் முதல் ஆளுக்குத்தான் போகும். அவ அப்போதும் எட்டாவது ஆள்தான். இன்னும் இரண்டு, மூன்று வருடம். புரோசார்ட்டிலிருந்து இரண்டு பஸ்ஸும் மெட்ரோவும் எடுத்து வரவேண்டும். எல்லாம் சரியான கணக்கு, கணக்கு வாத்தியாரே பிழை பிடிக்க முடியாது. அந்தக் கணக்குக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டு நிற்கிறேன் என்பது அவவுக்கும் கேட்டிருக்கும். என் தக்காளி, என் பதினெட்டுச் சதுர மீற்றர். ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டரைக்கு முடிகிற வேலைக்குப் பிறகு ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்காத இடம் எனக்கும் அது ஒன்றுதான். நான் விடவில்லை.

"சரி, காணும்" என்று என்னை இடையில் நிறுத்தினா. "வெட்டு. போனமுறை புருசனை விட்டவள் எண்டு சொன்னனி. இந்தமுறை என்ன சொல்லப்போறாய்?"

"அக்கா..."

"ஒண்டு சொல்லுறன் கேள். அவனுக்கு, அந்தத் தலைவனுக்கு, ஒருநாளைக்குச் சொல்லு. நாங்கள் ஒரே வீட்டிலதான் இருந்தனாங்கள் எண்டு. இப்ப சொன்னால் எனக்கு ஒண்டும் போகாதுதானே."

"சொல்லுறன்" என்றேன்.

சனிக்கிழமை கணினியைத் திறந்தேன். ஒரு ஆளை நீக்கும்போது காரணம் கேட்கும். "குடிபெயர்ந்தார்" என்று பிரெஞ்சில் எழுதினேன். அவவைப் பற்றி அந்தப் பட்டியலில் நான் எழுதிய ஒரே உண்மை அதுதான். வரி மறைந்தது, கீழே இருந்தவர்கள் எல்லோரும் தானாக ஒரு படி ஏறினார்கள்.

தலைவரிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு கூட்டம் வந்து போய்விட்டது. சொன்னால், அந்தப் படிவத்தை எழுதியது யார் என்று கேட்பார்.

அடுத்த கிழமை அந்த மனுசன் போன் எடுத்தார், செத்தவீட்டில் வைத்து என்னைப் பிடித்தவர்.

"தங்கச்சி, என்ரை நம்பர் இப்ப எத்தினை?"

"எட்டு."

"ஒன்பதெல்லோ? ஆர் போனது? ஆரும் செத்துப் போச்சினமோ?"

"இல்லை."

"அப்ப?"

"எட்டு அண்ணை" என்றேன். "உங்கடை நம்பர் எட்டு." போனை வைத்தேன்.